பதினேழாவது இலக்கும் ஒரு பலாப்பழமும்

என் மகள் பதினேழாவது இலக்கை அடைந்துவிட்டாளா, இல்லையா?

ஜூலை மாதத்திலிருந்து இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு திண்டாடுகிறேன். குக்கர் விசிலை எண்ணும்போது இது குறுக்கே வந்துவிடுகிறது. எங்கள் வீட்டுப் பருப்பு இப்போதெல்லாம் ஒன்று கூழாகிறது, இல்லையென்றால் பல்லில் கடிபடுகிறது. அடைந்துவிட்டாள் என்று எழுதினாலும் உறுத்துகிறது, அடையவில்லை என்று எழுதினாலும் உறுத்துகிறது. எழுதாமல் விட்டால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்வோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் தில்லியில், லோதி ரோடு பக்கம் அரசுக் குடியிருப்பில் இருக்கிறோம். கணவர் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். இருவருக்கும் ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். எனக்கு முப்பத்தைந்து வயது. வேதியியல் படித்தேன், படித்து முடித்த கையோடு கல்யாணம், அடுத்த வருடம் மகள். அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பில் ஜெர்மன் மொழி எடுத்துப் படிக்கிறாள். ஜெர்மன் வேண்டாம் என்பவர்களுக்கு சமஸ்கிருதம்.

கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடிய அன்று வீட்டுப்பாடங்களோடு ஒரு தாளும் வந்தது. ‘மொழி கற்றல் இலக்குகள்’ என்று தலைப்பு. மொத்தம் இருபது இலக்குகள். ஒவ்வொன்றும் ‘தங்கள் பிள்ளையால் முடியும்’ என்று முடிந்தது. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள முடியும். வழி கேட்க முடியும். வானிலை பற்றிப் பேச முடியும். பக்கத்தில் தேதிக்கு ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் ‘நேரில் கண்டேன்: பெற்றோர் கையெழுத்து’ என்று ஒரு கட்டம். இருபதும் நிரம்பினால்தான் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஜெர்மன் தொடரலாம். ஒன்று காலியாக இருந்தாலும் பிள்ளையை சமஸ்கிருத வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள்.

மகளுக்கு ஜெர்மன் என்றால் உயிர். குளிக்கும்போது ஜெர்மனில் நூறு வரை எண்ணிக்கொண்டு குளிப்பாள். எண்ணி முடிக்காமல் வெளியே வரமாட்டாள். மே மாதத்தில், தில்லித் தண்ணீர் நிலவரத்தில், நான் எழுபதுக்கு மேல் கதவைத் தட்டிவிடுவேன். சமஸ்கிருதம் என்ற சொல்லைக் கேட்டாலே அவள் முகம் வாடிவிடும்.

எனக்கு ஜெர்மன் ஒரு சொல் தெரியாது. தெரியாத மொழியில் அவள் பேசியதை நான் எப்படி நேரில் கண்டதாகக் கையெழுத்துப் போடுவது? ஜெர்மன் மேமுக்கு, அதாவது ஜெர்மன் ஆசிரியைக்கு, செய்தி அனுப்பிக் கேட்டேன். அவர் பஞ்சாபி, உற்சாகமானவர். “கவலைப்படாதீங்க ஜி. அர்த்தத்தை நான் பாத்துக்கிறேன். நீங்க கான்ஃபிடன்ஸ் இருக்கான்னு மட்டும் பாருங்க, போதும்” என்று குரல் பதிவு அனுப்பினார்.

அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு மகளை எதிரே உட்கார வைத்து முகத்தில் கான்ஃபிடன்ஸ் தெரிகிறதா என்று பார்த்தேன். அவள் முகத்தில் எப்போதும் பணிவுதான் தெரியும். பணிவு அதிகமாகும் நேரத்தைக் கான்ஃபிடன்ஸ் என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது இலக்கிலேயே சிக்கல் வந்தது. குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தொழிலுக்குப் பாடப்புத்தகத்தில் ஆறு சொற்கள் இருந்தன. டாக்டர், ஆசிரியர், விவசாயி, போலீஸ், ஓட்டுநர், ரொட்டி சுடுகிறவர். சொல்வதற்கு எளிதாக இருக்கிறது என்று இவள் ரொட்டி சுடுகிறவரைத் தேர்ந்தெடுத்தாள். மாலையில் வந்த கணவர் விஷயம் தெரிந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

“ஏங்கண்ணு, ஜெர்மனியில செக்‌ஷன் ஆபீசரே இல்லையா?”

“புக்குல இல்லீங்ப்பா.”

“அப்ப அங்க ஃபைலையெல்லாம் யாரு பாக்கறது?”

“தெரியலீங்ப்பா.”

“தெரியாததுக்கு உங்கம்மா கையெழுத்துப் போட்டுட்டாளா?”

போட்டிருந்தேன். அவர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. தவறான தகவலுக்குக் கீழே கையெழுத்துப் போடுவது என்ன வகைக் குற்றம் என்று இட்லி சாப்பிட்டு முடிக்கும்வரை விளக்கினார். நான் மறுபடி தாளை எடுத்து, கையெழுத்தை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, ‘அப்பா அலுவலகத்தில் வேலை செய்கிறார்’ என்று அவளை மறுபடி சொல்ல வைத்து, புதிய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். கணவர் படித்துப் பார்த்து, “தோராயமாச் சரி” என்றார்.

அதன் பிறகு உண்மையில்லாததற்குக் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஐந்தாவது இலக்கு, தன் செல்லப் பிராணியைப் பற்றி மூன்று வாக்கியம். எங்கள் வீட்டில் பிராணி கிடையாது. மற்ற வீடுகளிலும் கிடையாது, ஆனால் எல்லாப் பிள்ளைகளும் நாய் இருப்பதாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் இரண்டு நாள் யோசித்தேன். ஒரு மீன் தொட்டி வாங்கலாமா என்றுகூடப் போனது யோசனை. மகள்தான் வழி சொன்னாள்.

“சமையல்கட்டுல பல்லி இருக்குதுங்களேம்மா.”

அது சிறியது, பழுப்பு நிறமானது, கடிகாரத்துக்குப் பின்னால் வசிக்கிறது என்று மூன்று வாக்கியம் சொன்னாள். மூன்றும் உண்மை. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து அந்தப் பல்லியை நான் துடைப்பத்தால் விரட்டுவதில்லை. கையெழுத்துப் போட்டு எங்கள் வளர்ப்பு என்று ஒப்புக்கொண்ட பிறகு விரட்டுவது எப்படி?

இப்படியே தட்டுத்தடுமாறி, உணவகத்தில் செய்ய வேண்டிய பன்னிரண்டை மட்டும் தள்ளிவைத்துவிட்டு, பதினாறு வரை வந்தோம். பதினேழாவது இலக்கைப் படித்தபோது அது எளிதென்றுதான் நினைத்தேன். ‘பெரியவர் ஒருவரின் அழைப்பையோ வேண்டுகோளையோ, காரணம் சொல்லி, மரியாதையாக மறுக்க முடியும்.’

நான் அவளை சினிமாவுக்கு அழைத்தேன். அவள் ஜெர்மனில் நீளமாக ஏதோ சொன்னாள். பணிவு அதிகமாக இருந்தது. பதிவு செய்து மேமுக்கு அனுப்பினேன். மேம் உடனே அழைத்தார்.

“ரொம்ப ஸ்வீட்டா பேசறா ஜி. ஆனா இது மறுப்பு இல்லையே. ‘ரொம்ப சந்தோஷம், பார்க்கலாம்’னு சொல்றா.”

“எங்க ஊர்ல மறுக்கறதுன்னா அப்படித்தான் ஜி சொல்லுவோம்.”

“என்கிட்ட யாராவது பார்க்கலாம்னு சொன்னா நான் அவங்களுக்கும் சேத்து ரொட்டி போட்டு வெச்சிருவேன். ஜெர்மன்காரங்க டிக்கெட்டே எடுத்துடுவாங்க.”

இதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரிடம் ‘வரமாட்டேன்’ என்று சொன்னால் அது சண்டைக்கு இழுப்பது போல. ‘ஆகட்டுங்க’, ‘பாக்கலாங்க’ என்போம். சொல்கிற இழுப்பிலேயே வருவாரா மாட்டாரா என்பது பத்திரிகை வைத்தவருக்குத் தெரிந்துவிடும். அவர் மனதுக்குள் ஓர் இலையைக் குறைத்துக்கொண்டு, சிரித்த முகமாகக் காப்பி குடித்துவிட்டுப் போவார். என் வாழ்நாளில் நான் ஒருவரிடமும் ‘மாட்டேன்’ என்று சொன்னதாக நினைவில்லை. மகளையும் அப்படித்தான் வளர்த்திருக்கிறேன் என்பது மேம் போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பதினான்கு வயதில், தில்லியில், தினமும் பள்ளி வேனில் போய் வருகிற பெண்பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. தாளில் காலியாக இருந்த கட்டம் எனக்கு அப்போது வேறு மாதிரித் தெரிந்தது.

அன்று சாயங்காலமே பயிற்சியை ஆரம்பித்தேன். முதலில் தமிழில்.

“இப்ப நான் என்ன சொன்னாலும் நீ மாட்டேன்னு சொல்லோணும். தெரிஞ்சுதா?”

“சரிங்மா.”

“சரின்னு சொல்லாத, அம்மிணி.”

“சரிங்மா.”

“தண்ணி கொண்டா.”

எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். தாகமாகத்தான் இருந்தது.

“மாட்டேன்னு சொல்லச் சொன்னனே?”

“நீங்க நெசமாவே கேட்டீங்கன்னு நெனச்சேங்மா.”

மறுபடி முயன்றோம். இந்த முறை “மாட்டேங்மா” என்று சரியாகச் சொன்னாள். ஆனால் நான் சொல்லச் சொல்லி அவள் சொல்வது மறுப்பா, கீழ்ப்படிதலா? இந்தக் குழப்பத்தை நான் வாய்விட்டுச் சொன்னதும் சோபாவில் இருந்த கணவர் செய்தித்தாளை இறக்கினார். “உத்தரவுப்படி மறுத்தா அது உத்தரவுக்குக் கட்டுப்பட்டதுதான்” என்றார். சொல்லிவிட்டுச் செய்தித்தாளை மறுபடி ஏற்றிக்கொண்டார். ஆக அதற்கும் கையெழுத்துப் போட முடியவில்லை.

வீட்டில் முடியாததை வெளியில் செய்யலாம் என்று, நம் ஊர்ச் சாமான்கள் கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். எப்படியும் கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வாங்க வேண்டியிருந்தது. அங்கே அடிக்கொருவர் கூப்பிடுவார். கூப்பிடுகிற ஒவ்வொருவரையும் மறுத்துக்கொண்டே நடக்க வேண்டும், இதுதான் பயிற்சி. முதல் கடையில் ஒருவர் நேந்திரங்காய் சிப்ஸை நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த கடைக்காரரும் நீட்டினார். முதல் கடையில் சாப்பிட்டுவிட்டு இங்கே சாப்பிடாவிட்டால் மனசு கஷ்டப்படும் என்று அங்கேயும் சாப்பிட்டாள். கிளிப் விற்கிற பெண் “தேக் லோ பேட்டா” என்று பார்க்கச் சொன்னதும் நின்று, எல்லாக் கிளிப்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

நானே செய்து காட்டினால்தான் வரும் என்று தோன்றியது. சரியாக அப்போது ஒரு பழக்கடைக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழில் கூப்பிட்டார்.

“வாங்கம்மா, நம்ம ஊரு பலாப்பழம். பண்ருட்டி. ஒரு சுளை தின்னுட்டுச் சொல்லு பாப்பா.”

மகளைத் தொட்டு, இப்போது கவனி என்று ஜாடை காட்டிவிட்டு, நிமிர்ந்து நின்று சொன்னேன்: “பாக்கலாங்க.”

“தாராளமாப் பாருங்க” என்று அவர் கத்தியை எடுத்து ஒரு முழுப் பழத்தில் முக்கோணமாக வெட்டித் திறந்துவிட்டார். வெட்டிய பழத்தை எப்படி விட்டுவிட்டு வருவது? மூன்று பள்ளிக்கூடப் பை சேர்ந்த கனம் இருந்தது அது. ஆட்டோவில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கறிவேப்பிலையும் அரிசியும் வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

“அம்மா, நீங்க மறுத்தீங்களா அங்க?” என்று மகள் கேட்டாள். கிண்டலில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதற்காகக் கேட்டாள்.

“மறுத்தேன். அந்தாளுக்குப் புரியல.”

எழுதிக்கொண்டாள்.

பலாப்பழம் ஃப்ரிட்ஜில் பாதியை எடுத்துக்கொண்டது. வீடே பலா வாசனை. ஜூலை பிறந்து பள்ளி திறக்க நான்கு நாள் இருந்தது. மற்ற அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை ஓடியது. பன்னிரண்டாவது இலக்கு, உணவகத்தில் ஜெர்மனில் ஆர்டர் கொடுக்க வேண்டும், பரிமாறுகிறவர் வீட்டு ஆளாக இருக்கக் கூடாது. எங்கள் குடியிருப்பில் ஜெர்மன் படிக்கிற பிள்ளைகள் எட்டுப் பேர். நாமே சமூகக் கூடத்தில் ஒரு உணவகம் போட்டுவிட்டால் என்ன என்று ஒருவர் எழுதினார். சமையலை சவுத் இந்தியன் ஆன்ட்டி பார்த்துக்கொள்ளட்டும் என்று இன்னொருவர் எழுதினார். எட்டுப் பிள்ளைகள், எட்டு அம்மா, வருகிற அப்பாக்கள், மேம். நான் ‘ஆகட்டுங்க’ என்று நம் வழக்கப்படி நழுவப் பார்த்தேன். அதை இந்தியில் எப்படி எழுதுவதென்று யோசித்து ‘ஹோ ஜாயேகா ஜி’ என்று போட்டேன். செய்துவிடலாம் என்று அதற்கு அர்த்தமாகிவிட்டது. கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

எனக்கும் உள்ளூர ஒரு கணக்கு இருந்தது. ஆர்டரை வேறோர் அம்மா எடுக்கட்டும், கடைசியில் பாயசத்தை மட்டும் மகளுக்கு நானே பரிமாறுவேன். பலாப்பழப் பாயசம் செய்வேன். மூன்றாவது கிண்ணத்துக்கு எவளும் வேண்டாம் என்றுதான் சொல்லுவாள். ஜெர்மனில் ‘வயிறு நிறைந்துவிட்டது’ என்ற வாக்கியத்தை அவளுக்கு மேம் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தார். வேண்டுகோள், மரியாதை, காரணம், எல்லாம் அதில் அடங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டோம். கூலர் ஓடியது, ஆனால் காற்றைவிடச் சத்தம்தான் அதிகம் வந்தது. மெனு அட்டையைப் பிள்ளைகளே எழுதினார்கள். இட்லி ‘ஆவியில் வெந்த வெள்ளை அரிசி கேக்’ ஆகியிருந்தது. பாயசம் ‘இனிப்பான சூடான பழ சூப்’. ஆர்டர் எடுக்கிற பெற்றோர் மூன்று ஜெர்மன் வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். மற்றவர்கள் உள்ளங்கையில் இந்தி எழுத்தில் எழுதியிருந்தார்கள், நான் தமிழில் எழுதியிருந்தேன். புழுக்கத்தில் வியர்த்து, அரை மணி நேரத்தில் என் கையில் ஒரே ஒரு வாக்கியம்தான் மிச்சம் இருந்தது. ‘இன்னும் கொஞ்சம் வேண்டுமா?’

கணவர் அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பரிமாற வந்தார். ஆர்டர் சீட்டுகளை வந்த வரிசைப்படி எண்ணிட்டு அடுக்கினார். முதலில் உட்கார்ந்த பிள்ளை இன்னும் மெனுவைப் படித்துக்கொண்டிருந்ததால் மற்ற ஏழு பேருக்கும் சாப்பாடு வரவில்லை. “ஜல்தி அங்கிள்” என்று ஒருவன் அவசரப்படுத்தினான். “உன்னுடையது பரிசீலனையில் இருக்கிறது பேட்டா” என்று கணவர் இந்தியில் சொன்னார்.

எதிர் பிளாக்கு அம்மாவின் மகன் பன்னிரண்டையும் பதினேழையும் சேர்த்தே முடித்துவிட்டான். நான் பாயசக் கிண்ணத்தை அவன் முன் வைக்கும் முன்பே ஜெர்மனில் ஏதோ சொன்னான். மேம் கைதட்டினார். என்ன சொன்னான் என்று கேட்டேன். “நன்றி, வேண்டாம், இதன் வாசனை எனக்குப் பிடிக்கவில்லை” என்றானாம். அவன் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “ரீஸனோட சொல்றான் பாருங்க ஜி” என்று என்னிடமே வந்து சொன்னார். நான் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து கிளறிய பாயசம் அது.

மகளிடம் வந்தேன். முதல் கிண்ணத்தைக் குடித்தாள். “இன்னும் கொஞ்சம் வேண்டுமா?” என்று ஜெர்மனில் கேட்டேன். தயவுசெய்து கொடுங்கள், மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வேன் என்று ஜெர்மனில் பதில் சொன்னாள். இது ஒன்பதாவது இலக்கு, ஜூன் மாதமே முடிந்துபோனது. இரண்டாவது கிண்ணமும் போயிற்று. மூன்றாவதற்குக் கண்ணால் ஜாடை காட்டினேன். தயவுசெய்து, மகிழ்ச்சியாக என்றாள். நான்காவதில் நான் தமிழிலேயே முணுமுணுத்தேன்.

“வேண்டாம்னு சொல்லு சாமி.”

“நீங்க கரண்டியோட நிக்கறீங்களேம்மா.”

ஐந்தாவது கிண்ணத்துக்குப் பிறகு அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மேலே கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

மேம் இரண்டு கிண்ணம் பாயசம் குடித்துவிட்டு, எல்லாருடைய தாள்களையும் வாங்கிப் பார்த்தார். ஏழு தாள்களும் நிரம்பியிருந்தன. மற்ற பிள்ளைகள் யாரும் பதினேழாவதை வீட்டில் செய்யவே இல்லை, அம்மாக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று மகள் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தாள். எங்கள் தாள் கடைசியாக வந்தது. பதினெட்டு, பத்தொன்பது, இருபதுகூட முடிந்திருந்தன. பதினேழு மட்டும் பல் விழுந்த மாதிரி இருந்தது.

“அரே, ஒண்ணுதானே ஜி. ஸைன் பண்ணிடுங்க. இவளுக்கு ஜெர்மன் எவ்வளவு நல்லா வருதுன்னு எனக்குத் தெரியாதா? இந்த ஒரு கட்டத்துக்காக சமஸ்கிருதத்துக்கு அனுப்புவாங்களா?” மேம் தன் பேனாவையே என்னிடம் நீட்டினார்.

ஏழு அம்மாக்களும் என்னைப் பார்த்தார்கள். எதிர் பிளாக்கு அம்மா, “போடுங்க ஜி, யார் வந்து செக் பண்ணப் போறாங்க” என்றார். கணவர் சீட்டுகளை அடுக்குவதை நிறுத்திவிட்டார். எனக்கு மறுக்கத் தெரியாது. மேமின் பேனாவை வாங்கிக்கொண்டேன். மூடியைத் திறந்தேன்.

“வேண்டாங்மா.”

மகள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முகம் பாயசத்தால் வெளுத்திருந்தது.

“கையெழுத்துப் போடாதீங்கம்மா. நேர்ல கண்டேன்னு எழுதியிருக்குது. நீங்க காணலையே. நாந்தான் இன்னும் செய்யலையே.”

பிறகு மேமிடம் திரும்பி, இந்தியில், மிக மரியாதையாக, நீங்கள் எனக்காகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் அம்மா அதில் கையெழுத்துப் போட வேண்டாம், அது பொய்யாகிவிடும் என்றாள். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

ஏழு தாள்களும் மேம் கையில் இருந்தன. எதிர் பிளாக்கு அம்மா தன் மகனுடைய தாளில் நாயைப் பற்றிய ஐந்தாவது கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க பொண்ணு ரொம்ப சின்ஸியர் ஜி” என்றார் அந்த அம்மா. “அப்ப நாங்கள்லாம் யாரு?”

எனக்கு அப்போது ஒன்றுதான் மனதில் ஓடியது. பெரியவர் இருவரின் வேண்டுகோள். மரியாதை. காரணம். எல்லாம் வந்துவிட்டது. நான் என் கண்ணால் கண்டேன், என் காதால் கேட்டேன், இந்த முறை ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

மேமும் அதைத்தான் யோசித்திருப்பார் போல. “அச்சா” என்று மெதுவாகச் சொன்னார். “இதையே ஜெர்மன்ல சொல்லு பேட்டா, இப்பவே முடிஞ்சிடும்.”

மகள் வாயைத் திறந்தாள். “பொய் என்பதற்கு ஜெர்மனில் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை மேம்” என்றாள். பிறகு வாசலுக்கு ஓடிப்போய் ஐந்து கிண்ணம் பாயசத்தையும் வாந்தியெடுத்தாள்.

அன்று மேம் தாளை வாங்கிக்கொள்ளவில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள் வரை நேரம் கொடுத்தார். அந்தக் கட்டம் பெற்றோருடையது, அதில் நான் தலையிட முடியாது, நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், காலியாக வந்தால் அடையவில்லை என்று எடுத்துக்கொள்வேன் என்றார். வாட்ஸ்அப் குழுவில் அன்றிலிருந்து யாரும் எழுதுவதில்லை. நான் இல்லாத இன்னொரு குழு ஆரம்பித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

“மூணாவது கிண்ணத்துக்கே வேண்டாம்னு சொல்லியிருந்தீன்னா இத்தனை பாடு இல்லயே கண்ணு?”

“பாயசம் நல்லாத்தானே இருந்துச்சுங்மா” என்றாள்.

இப்போது என் நிலைமை இதுதான். நான் கையெழுத்துப் போட்டால், போட வேண்டாம் என்று அவள் முதன்முதலாக வாய் திறந்து சொன்னதை நான் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்றாகும். இனி எப்போதாவது வேறு யாரிடமாவது வேண்டாம் என்று சொல்ல நேரும்போது, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவள் நினைத்துவிடலாம். கையெழுத்துப் போடாவிட்டால், அவள் மறுக்கவே இல்லை என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி. அதோடு ஜெர்மனும் போய்விடும். குளியலறையில் எண்ணிக்கை இன்னும் கேட்கிறது. இப்போது நூற்றைத் தாண்டியும் போகிறாள், நான் கதவைத் தட்டுவதில்லை.

ஜெர்மனில் அவளை மறுபடி மறுக்க வைத்துப் பதிவு செய்துவிடலாமே என்று தோழி ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள். செய்து பார்த்தேன். மேம் இப்போது எல்லாச் சொற்களையும் சொல்லிக்கொடுத்துவிட்டார். மகளும் அழகாகச் சொல்கிறாள். ஆனால் அதைக் கேட்கும்போது, சொல்லச் சொல்லிச் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது. அன்று கூடத்தில் நின்ற மாதிரி அவள் நிற்பதில்லை. கணவரிடம் கேட்டேன். அவர் தாளின் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒன்றை ஒட்டி, ‘கலந்து பேசவும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கலந்து பேசலாம் என்று நான் போய் உட்கார்ந்தால், ‘நீதானே நேர்ல கண்டவ’ என்கிறார். மகளிடமே கேட்டேன். “உங்க இஷ்டங்மா” என்கிறாள். நான் தாளை மறுபடி மடித்து வைத்துவிடுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் மொழி ஆசிரியர்கள் இருக்கலாம், இதே வயதில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இருக்கலாம், வேறு நாட்டில் வேறு மொழியில் வாழ்ந்து பார்த்தவர்கள் இருக்கலாம். அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஒரு மொழிக்காக வைத்த இலக்கை வேறொரு மொழியில் எட்டினால் அது எட்டியதாகுமா? நீங்கள் என் இடத்தில் இருந்தால் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடுவீர்களா, மாட்டீர்களா? எதுவானாலும் தயங்காமல் நேராக எழுதுங்கள், பார்க்கலாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கூடவே காரணத்தையும் ஒரு வரி எழுதினால், அதை மகளிடம் படித்துக் காட்டுவேன்.